தூங்கியவளின் வாக்குமூலம்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. முழுசாக அல்ல, இரண்டே வாக்கியம்.

பழைய பத்திரம் ஒன்றின் நகல் வாங்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வரிசை நகர்வதாயில்லை. கால் கடுத்துப்போய் ஒரு தூணில் சாய்ந்து நின்றபோது, தூணுக்கு அந்தப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பேச்சு கேட்டது. முகம் தெரியவில்லை.

"என்னை அழச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"என்னை அழவே கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

முதலில் பேசியது பெண். பதில் சொன்னது ஆண்.  பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், பல வருஷம் பழகியவர்கள் சிரிப்பது போல. அதற்குள் வரிசை நகர்ந்து என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நகலை வாங்கித் திரும்பி வந்தபோது பெஞ்சில் ஆளில்லை. உயரத்து ஜன்னலிலிருந்து இறங்கிய வெயில், அவர்கள் எழுந்துபோன இடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

அவ்வளவுதான் சரக்கு. மிச்சமெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதல் வரியை எழுதி எழுதி அடித்தேன். அடித்ததையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

வெளியே மழை கொட்டிக்கொண்டிரு—

(கொட்டவில்லை. சுள்ளென்று வெயில். நீதிமன்றம் என்றாலே மழையைக் கூப்பிடுகிறது இந்தக் கை.)

மெலிந்த உடம்பும் மிரண்ட கண்களுமாக, பெஞ்சின் ஓரத்தில் அவள் ஒடுங்கி உட்கார்ந்—

இங்கே நின்றுவிட்டேன். மெலிந்தவள் என்று யார் சொன்னது? நான்தான் அவளைப் பார்க்கவே இல்லையே. கேட்ட குரலும் ஒடுங்கிய குரல் அல்ல. தணித்துப் பேசியும் தூணைத் தாண்டி வந்து விழுந்த குரல் அது. தூரத்தில் இருப்பவர்களை அதட்டிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அடி வாங்கியவள் என்று நான் முடிவு செய்த மாத்திரத்தில் என் பேனா அவளை இளைக்க வைத்துவிட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே மறுபடியும்:

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள்.

இந்த வரி அடிபடாமல் நின்றது. இங்கிருந்தே போவோம்.

3

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். நல்ல உயரம். குறுகலான கதவு என்றால் தோள் தானாக ஒருக்களித்துக்கொள்ளும். நகராட்சி நீச்சல் குளத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் 'கோச்' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நானும் கோச் என்றே சொல்கிறேன். அவள் கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அதை ஊத வேண்டிய தேவையே வந்ததில்லை. "தலையைத் தண்ணிக்குள்ள விடு!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கரையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருப்பவர்கள்கூடத் தலையைக் குனிவார்கள்.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவள் தோள் உயரம்தான் இருப்பார். பேச்சே காற்று மாதிரி. வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரல் நுனியால் தடவிப் பார்த்து, "எங்கயாவது உறுத்துதா?" என்று கேட்பார். உறுத்தவே உறுத்தாது. அதற்காகவே அந்தக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் போனால் தெரிந்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். "உங்க வீட்ல யார் கை ஓங்கும்னு கேக்கவே வேணாம்!" என்பார்கள். கண்ணாடிக் கடைக்காரர் தலையைக் குனிந்து வெட்கத்தோடு சிரிப்பார். கோச்சும் சிரிப்பாள். அவளுக்கும் அது நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது.

4

அது எப்போதும் அவள் தூங்கும்போதுதான் நடந்தது.

முதலில் அவள் அதைக் கனவென்றே நினைத்தாள். கனவில் அவள் ஆழமான தண்ணீருக்கு அடியில் இருப்பாள். மேலே வெளிச்சம் ஆடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் எங்கோ யாரோ எதையோ கைநழுவ விடுவார்கள். அது அவசரமே இல்லாமல், சுழன்று சுழன்று இறங்கி வரும். நகர வேண்டும் என்று தோன்றும். கை கால் நகராது. தோளிலோ இடுப்பிலோ வந்து விழும். வலியில் விழித்தால் அறை இருட்டாக இருக்கும். பக்கத்தில் அவர் சீராக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

காலையில் பட்ட இடம் கன்றிப்போயிருக்கும்.

"என்ன அப்படிப் புரண்ட? கட்டில் விளிம்புல இடிச்சுக்கிட்ட போல" என்பார். தைலம் எடுத்து வருவார். அந்த விரல்களால் பதமாகத் தடவி, "உறுத்துதா?" என்று கேட்பார்.

கடையில் ஆட்கள் முன்னால் அவள் அவரை மறுத்துப் பேசிய நாட்களிலும், உறவுக்காரர்கள் அவளை மட்டும் பாராட்டிவிட்டுப் போன நாட்களிலும்தான் அந்தக் கனவு வருகிறது என்று அவளுக்குப் பிடிபடப் பல வருஷங்கள் ஆயின. பிடிபட்ட பிறகும் அந்த நினைப்பைக் கிட்டே சேர்க்கவில்லை.

* "அதெப்படித் தெரியாமல் போகும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். எழுதுகிறவன் தன் ஆட்களிடம் இப்படிக் குறுக்கே புகுந்து கேட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அவள் சொன்ன பதில் இது: "பக்கத்துல படுத்திருக்கிறவர் மேலயே சந்தேகம் வந்துட்டா, அப்புறம் நான் எங்க போய்ப் படுக்கிறது?"

கடைசியில் அதைப் பார்த்தது அவள் தங்கை. தங்கை வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை தாங்காமல் அக்கா வீட்டுக்கு வந்து கூடத்தில் படுத்திருந்தாள். ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போய் அறை விளக்கைப் போட்டாள். மாமா கட்டில் மேல் ஏறி நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டை இரண்டு கையிலும் இருந்தது. முகத்தில் கோபமே இல்லை. கண்ணாடிக்கு அளவெடுக்கும்போது இருக்கும் அதே கவனம்.

கழுத்தடியில் காறை எலும்பு உடைந்து கிடந்த கோச், பாதித் தூக்கத்தில் கேட்டாளாம்: "யாரு லைட்டைப் போட்டது?"

போலீஸ், மருத்துவமனை, வழக்கு எல்லாம் அடுத்தடுத்து வந்தன. தங்கையின் சாட்சியத்தில் குற்றம் உறுதியானது. கோச் தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை, அதைக்கூடச் சமாளித்துக்கொண்டாள். தூக்கம்தான் போய்விட்டது. சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பாள். பகலில் உலகம் ஒரு மெல்லிய திரைக்குப் பின்னால் நகர்வது போலிருக்கும். பேசுகிறவர்களின் வாய் முதலில் அசையும். வார்த்தைகள் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

5

நீதிமன்றத்தில் ஒரு வழக்கம். குற்றம் உறுதியான பிறகு, தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு முன்னால், அடிபட்டவர் வந்து தனக்கு என்ன ஆனது என்று பேசலாம். கட்டாயமில்லை. பேசினால் நீதிபதி கேட்டுக்கொள்வார். அது அவர் மனசில் எவ்வளவு ஏறும் என்பதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி.

அரசு வக்கீல் நல்ல அம்மாள். அக்கறையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். "கனவுங்கிற பேச்சே வேணாம்மா. உங்களுக்கே நிச்சயமில்லைன்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும். பயமா இருந்துச்சு, உயிர் போயிடும்னு நினைச்சேன்னு சொல்லுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க."

"வரலைன்னா?"

வக்கீல் வழக்குக் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். தங்கைதான் முந்திக்கொண்டாள்.

"வரும்க்கா. அம்மா செத்தப்போ இருந்ததை நினைச்சுக்கோ."

"அம்மா செத்தப்பவே எனக்கு அழுகை வரலையேடி."

"அப்போ பையில வெங்காயம் வச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும்."

தங்கை வெங்காயம் கொண்டு வரவில்லை. ஆனால் இரண்டு அளவு பெரிய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தாள். "இதுக்குள்ள இருந்தா நீ கொஞ்சம் சின்னதாத் தெரிவ. நடக்கும்போது நிமிராத. குரலை எறக்கு."

இப்படித்தான் கோச், வெயில் நாளில், ஸ்வெட்டருக்குள் கூன் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தங்கை டீ வாங்கப் போயிருந்தாள். தாழ்வாரம் நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் கதவுகள்; ஒவ்வொரு கதவும் திறந்து மூடும்போது உள்ளிருந்து ஒரு துண்டு வாக்கியம் மட்டும் வெளியே வந்து காற்றில் நின்றது. தூங்காத கண்ணுக்கு, தரையில் விழுந்த ஜன்னல் வெளிச்சம் தண்ணீர் போல அசைந்தது.

பெஞ்சின் மறு கோடியில் ஒருவர் கனத்த பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருந்தார். மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கை என்றால் சாதாரணக் கை இல்லை. லிஃப்ட் மெக்கானிக் அவர். கம்பிவடத்தைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை பலகையாகியிருந்தது.

"யாரு கூடவாவது வந்தீங்களா?" என்று கோச் கேட்டாள். சும்மா, பேச்சுக்கு.

"இல்லைங்க. நான்தான்..." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான்தான் அடி வாங்கினவன்."

"யாரு அடிச்சது?"

"வீட்டுக்காரி."

"எதால?"

"இஸ்திரிப் பெட்டி."

"சூடாவா?"

"சூடாத்தான்." அவள் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. "உங்களுக்கு?"

"கதவுக்கு முட்டுக் குடுப்பாங்களே, இரும்புக் கட்டை."

ஒரே வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள் பேசிக்கொள்வது போல இருந்தது. அதன் பிறகுதான் நான் தூணுக்குப் பின்னாலிருந்து கேட்ட அந்த இரண்டு வாக்கியம். அவரிடம் அழக்கூடாது என்று சொன்னது அவருடைய சொந்த அண்ணன். 'இருக்கிற மானத்தையும் கண்ணீர் விட்டு வாங்கிடாத' என்று சொல்லியிருந்தாராம். இருவரும் ஏன் சிரித்தார்கள் என்பதை நான் விளக்கப்போவதில்லை. அந்த இரண்டு வாக்கியமும் சிரிப்பும்தான் இந்தக் கதையில் நிஜமாக நடந்தது. அதில் கைவைக்க மாட்டேன்.

6

மெக்கானிக்கின் வழக்கை முதலில் கூப்பிட்டார்கள். கோச்சும் தங்கையும் பின் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

மெக்கானிக்கின் மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. வெளிர் மஞ்சள் உடையில், பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் பார்த்தாலும் நாற்காலி இழுத்துப் போடத் தோன்றும்.

மெக்கானிக் தாளைப் பிரித்தார். படிக்கப் பழக்கமில்லாத குரலில், நிறுத்தற்குறி எதையும் மதிக்காமல் படித்தார். காலையில் அவள் அவருடைய வேலைச் சட்டையை இஸ்திரி போடுவாள். அவர் பனியனோடு நின்று காத்திருப்பார். அந்த நேரத்தில் அவள் கேள்வி கேட்பாள். நேற்று ஏன் தாமதம், யாரிடம் பேசினாய், ஏன் அப்படிப் பார்த்தாய். பதில் பிடிக்காவிட்டால்,

"சட்டைக்கு முன்னாடி என்னை இஸ்திரி போட்டுடுவா" என்று படித்தார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அதைத் தொற்றிக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று பேர். கோச் திரும்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள் தங்கை.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் படிப்பதை நிறுத்திவிட்டார்.  அண்ணன் எது கூடாது என்று சொல்லி அனுப்பினாரோ அது அப்போதே நடந்தது: பூட்ஸ் போட்ட அந்தப் பெரிய மனிதர் நின்ற இடத்திலேயே அழுதார்.

நீதிபதி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணி குடிங்க. அவசரமில்லை" என்றார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்: "உங்க உடம்புக்கு, நீங்க தடுத்திருக்கலாமே?"

மெக்கானிக் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "தடுக்க இதை நீட்டினா, அதுவே அடி ஆயிடும்ங்க."

நீதிபதி தலையாட்டினார். எழுதிக்கொண்டார். ஆசிரியை இதற்கு முன் எந்தத் தப்பும் செய்யாதவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர், சிறை அவரைச் சீரழித்துவிடும் என்றார். சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தார். மனநல ஆலோசனைக்கு ஒழுங்காகப் போய் வர வேண்டும், அவ்வளவே. ஆசிரியை அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மினாள். நீதிமன்றம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது.

"சரிங்க" என்றார் மெக்கானிக். தாளை அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டார்.

7

இங்கே கதையை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்கிறேன்.

அந்த நீதிபதி மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் எழுதுவது என் கையால்தானே? முந்தைய பிரதிகளை எடுத்துப் பார்த்தேன் (முதல் வரியை அடித்தது அவற்றை எழுதி முடித்த பிறகுதான்). மெலிந்து மிரண்ட கண்களோடு இருந்த அந்த முதல் கோச், கூண்டில் ஏறித் தேம்பினாள். அந்தப் பிரதியில் அவள் கணவருக்கு ஆறு வருஷம் என்று எழுதியிருந்தேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்த எண். பிறகு அவளுக்கு உயரம் கொடுத்தேன், தோள் கொடுத்தேன், கண்ணீரை எடுத்துவிட்டேன். மற்ற எதுவும் மாறவில்லை. அதே கட்டை, அதே எலும்பு. அந்தப் பிரதியில் இருந்த எண் மூன்று.

நடுவில் மூன்று வருஷத்தை யார் குறைத்தது?

மெக்கானிக்கின் பகுதியை எழுதும்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சரளமாக வந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று 'அவர்' இருந்த இடத்தில் 'அவள்' போட்டு எழுதிப் பார்த்தேன்:

சட்டைக்கு முன்னாடி அவளை இஸ்திரி போட்—

முடிக்க முடியவில்லை. டீயும் ஆறிவிட்டது.

அதற்குப் பிறகு நான் இந்தக் கதையில் எண் எழுதுவதை விட்டுவிட்டேன்.

8

தாழ்வாரத்துக்கு வந்ததும் கோச் தங்கையை விட்டுத் தள்ளி நின்றாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். வலது கை தூக்க வராததால் அது கொஞ்சம் போராட்டமாகத்தான் இருந்தது. தங்கை உதவ வந்தாள். "வேணாம்" என்றாள் கோச். கழற்றி, மடித்து, தங்கை கையில் கொடுத்தாள். நிமிர்ந்தாள். அவளுடைய வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக் கடைக்காரரை முதலில் பேசவிட்டார்கள். மனைவி இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். அழுகையும் அவருக்கு உறுத்தாமல் வந்தது. அவருடைய வக்கீல் அதிகம் பேசவில்லை. "இவரையும் பாருங்க, அவங்களையும் பாருங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

கோச் ஏறினாள். அரசு வக்கீல் எழுதிக் கொடுத்த தாளைப் பிரிக்கவில்லை.

(இந்த இடத்தில் ஒரு பிரதியில் அவள் பேச்சை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். கைதட்டல் வாங்கும் பேச்சு. ஒருவரும் நேரில் அப்படிப் பேசமாட்டார்கள் என்று கிழித்துவிட்டேன். அவள் பேசியது கீழே இருப்பதுதான்.)

"எனக்கு அழுகை வராதுங்க ஐயா. முதல்லயே சொல்லிடுறேன். அழலைங்கிறதால வலிக்கலைன்னு நினைச்சுக்காதீங்க."

அவளுடைய தணிந்த குரலே சுவரில் பட்டுத் திரும்பியது. நீதிபதி நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"கனவுன்னு சொல்லக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா எனக்கு அது கனவாத்தான் வந்துச்சு. தண்ணிக்கு அடியில இருப்பேன். மேலருந்து ஏதோ விழும். எந்திரிச்சா வலிக்கும். வருஷக் கணக்கா என் கனவு மேலதான் நான் பழி போட்டேன். அவர் தைலம் தேய்ச்சு விடுவார்."

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க உயரத்துக்கு," என்றார் நீதிபதி. அதே தெரிந்துகொள்ளும் ஆசை. "ஒரு தடவை நீங்க பிடிச்சுத் தள்ளியிருந்தாக்கூட..."

"முழிச்சிருந்தா தள்ளியிருப்பேங்க. அது அவருக்கும் தெரியும். அதனாலதான் நான் தூங்கற வரைக்கும் காத்திருந்தார்."

 கண்ணாடிக் கடைக்காரரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. அன்றைக்கு முதன்முறையாக அவர் தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தார். கோச்சும் பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

"இந்த உடம்பைப் பார்த்து எல்லாரும் ஏமாந்துடுறாங்க. தூங்கும்போது நானும் ஒரு கைக்குழந்தைதாங்க. எல்லாரும் அப்படித்தான். நீங்களும்தான்."

அவள் இறங்கப் போனாள். பிறகு நின்றாள்.

"முன்னாடி வந்துட்டுப் போனாரே, அந்த லிஃப்ட் அண்ணன். அவர் பேசினப்ப இங்க சிரிச்சாங்க. நான் பேசினப்ப யாரும் சிரிக்கலை. ஏன்னு எனக்குப் புரியலைங்க."

"அது வேற வழக்கு" என்றார் நீதிபதி. குரலில் கடுமை இல்லை.

"ஆமாங்க. வேற வழக்கு."

மதிய இடைவேளைக்குப் பிறகு தண்டனை சொல்லப்படும் என்று அறிவித்துவிட்டு அவர் எழுந்து போனார்.

9

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு சிற்றுண்டிக் கடை. மெக்கானிக் போகாமல் காத்திருந்தார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. தங்கை டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணா, நான்தான் சிரிச்சேன்."

"தெரியும்மா. சத்தம் வந்த பக்கம் பார்த்தேனே."

"ஏன் சிரிச்சேன்னே தெரியலை. எங்க அக்காவை அந்த நிலைமையில கண்ணால பார்த்தவ நான். வேற யாருக்கு வந்தாலும் எனக்கு வந்திருக்கக்கூடாது."  காலையிலிருந்து அக்காவை அழ வைக்கப் பார்த்தவள் இப்போது தான் அழுதாள்.

"விடும்மா. முதல் தடவை சூடு பட்டப்போ எனக்கே சிரிப்புதான் வந்துச்சு. ஏதோ கை தவறிப் பட்டுடுச்சுன்னு நினைச்சேன். அவளும் சிரிச்சா." அவர் டீயை ஊதினார். "அப்புறம் சிரிக்கிறதை ரெண்டு பேரும் நிறுத்திட்டோம்."

"இப்போ எங்க போவீங்க? வீட்டுக்கா?" என்று கோச் கேட்டாள்.

"அங்கதான். அவளுக்குத்தான் ஜெயில் இல்லையே. அவளும் அங்கதான் வருவா."

 பக்கத்து மேசையில் ஒரு வக்கீல் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

"எங்க வீட்டுக் கூடத்துல ஒரு ஆள் படுக்க இடம் இருக்கு" என்றாள் தங்கை, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "யாராவது கேட்டா லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர்னு சொல்லிக்கலாம்."

"நம்ம கட்டடத்துல லிஃப்டே கிடையாதேடி."

"அதைத்தான் ரிப்பேர் பண்றார்."

மெக்கானிக்குக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையில் இருந்த டீ தளும்பியது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், "சட்டை ரெண்டு எடுத்துக்கணும்" என்றார். "அவ வர்றதுக்கு முன்னாடி போய் எடுத்துட்டு வந்துடுறேன்."

"தனியாப் போகாதீங்க. நாங்களும் வர்றோம்" என்றாள் கோச். தங்கை சட்டையைப் பற்றி, சாவியைப் பற்றி, எந்த பஸ் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். பாத்திரம் மோதும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாம் கோச்சுக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயின. வெளிச்சம் கெட்டியானது. அவள் இடது கையை மேசைமேல் நீட்டி, அதன்மேல் கன்னத்தை வைத்தாள்.

தங்கை ஒரு வார்த்தையின் நடுவில் நிறுத்தினாள். மெக்கானிக் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் நடுவில், பட்டப்பகலில், சுவர் முதுகில் இல்லாமல் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு ஆழமாகவும் மெதுவாகவும் போய் வந்தது. மெக்கானிக் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவள் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்து உட்கார்ந்தார்.

அப்போது வாசலில் நீதிமன்ற ஊழியர் வந்து நின்று, "ஜட்ஜ் வந்துட்டார், வாங்க" என்றார்.

தங்கை கை நீட்டி, அக்காவின் தோளைத் தொ—

முடியவில்லை. இந்த வாக்கியத்தை நான் எப்படி முடித்தாலும் அது அவள் தோளில் போய் விழும்.

10

நீதிபதியின் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஓர் எண் எழுதியிருக்கிறது. நான் எழுதவில்லை, பார்க்கவும் இல்லை. உங்களிடமும் இந்நேரம் ஓர் எண் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. அது உங்களுக்கும் கோச்சுக்கும் இடையில் இருக்கட்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று பாக்கி. அவளை யாராவது எழுப்ப வேண்டும். ஊழியர் வாசலில் நிற்கிறார். தங்கையின் கை பாதி வழியில் நிற்கிறது. மெக்கானிக் அசையாமல் வெயிலை மறைத்துக்கொண்டிருக்கிறார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள்தான் எழுப்ப வேண்டும். ஒன்றிரண்டு நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, நீதிபதி காத்திருக்கட்டும். பின்பக்கமாக வராதீர்கள். தொட வேண்டாம். மேசைக்கு எதிரே, அவள் கண் திறந்தவுடன் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். இரண்டு கையையும் அவள் பார்வையில் படும்படி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெதுவாகக் கூப்பிடுங்கள்.